நீர்நாயும் தூண்டிற்காரனும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து அனுப்புமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாள் தடுமாறினேன். நான் எந்திரவியல் கற்றவன். மதகுகளுக்கும் சிற்றணைகளுக்கும் கணக்குப் போட்டுச் சீவித்தவன். அவற்றைப் பற்றி எழுதினால் மாணவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவர். ஆகவே, இங்கிலாந்தின் ஓர் ஆற்றங்கரையில் ஓய்வு நாட்களில் நான் கற்ற பாடமொன்றை எழுதத் துணிந்தேன். அந்தப் பாடம் ஈற்றில் என் உத்தியோகத்தின் மீதே வந்து விழுந்தது என்பதைப் பின்னர் சொல்வேன். அதன் முதல் வரியை எனக்குச் சொல்லித் தந்ததோ எமது கல்லூரியே.

சிரேட்ட வகுப்பில் எமக்குச் சங்க இலக்கியம் கற்பித்த ஆசிரியர், மருத நிலத்தை விளக்கும்போது பொய்கையில் வாளை மீனை இரையாகக் கொள்ளும் நீர்நாயைப் பற்றிச் சொன்னார். நாமோ ஆறில்லாக் குடாநாட்டிற் பிறந்தவர்கள். பின்வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து, "ஐயா, நீர்நாய் எப்படி இருக்கும்?" என்று வினவினான். ஆசிரியர் சற்றும் தயங்காது, "நானும் கண்டதில்லை, தம்பி. புலவன் கண்டிருக்கிறான், பரீட்சைக்கு அது போதும்" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது.

நீர்நாயை நாம் காணாவிடினும் நீர்க்காகத்தை நான் நன்கறிவேன். விடுமுறை நாட்களில் கிளிநொச்சியில் வயல் செய்த என் அம்மானிடம் போவது வழக்கம். இரணைமடுக் குளத்தின் கட்டில் நின்று பார்த்தால், நீர்க்காகங்கள் கூட்டமாக மூழ்கி எழுவதும், பட்ட மரங்களிலிருந்து சிறகை விரித்துக் காயவிடுவதும் தெரியும். ஒருநாள் அவற்றுள் ஒன்றின்மீது கல்லெறிந்தேன். அம்மான் என் கையைப் பிடித்து, "விடு மோனே, அதுவும் குளத்தை நம்பித்தான் வந்திருக்குது" என்றார். அந்தச் சொல்லை அப்போது நான் பெரிதாக எண்ணவில்லை.

1972 ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றேன். படித்து முடித்துத் திரும்புவதே எண்ணம். உத்தியோகம் சில ஆண்டுகளைக் கொண்டுபோயிற்று. 1983 இன் பின்னர் திரும்பும் பேச்சை வீட்டில் எவரும் எடுக்கவில்லை. பெட்போட் நகரின் அயலில், கிறேற் ஊஸ் என்னும் ஆற்றின் அருகே வீடு வாங்கினோம். அடுத்த வீட்டுக்காரர் புகையிரதப் பகுதியில் வேலை செய்தவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, தம்மோடு மீன் பிடிக்க வருகிறாயா என்று கேட்டார். அந்த நாட்டில் என்னைத் தேடி வந்து அழைத்த முதல் மனிதர் அவரே. மறுக்க மனம் வரவில்லை.

அங்கு தூண்டில் போடுவோர் நம்மவரைப் போலக் கறிக்காக மீன் பிடிப்பவர் அல்லர். பிடித்த மீனை நிறுத்துப் பார்த்து, முள்ளைப் பக்குவமாகக் கழற்றி, மீண்டும் நீரில் விட்டுவிடுவர். மார்ச் 15 முதல் யூன் 15 வரை, மீன்கள் முட்டையிடும் காலமென்று ஆறுகளில் நன்னீர் மீன் பிடித்தலுக்குத் தடையுண்டு. யூன் 16 ஆம் திகதி அவர்களுக்குத் தைப்பொங்கல் போன்றது. நள்ளிரவிலேயே கரைக்கு வந்து காத்திருப்போரும் உளர். இதனையெல்லாம் என் தாயாருக்கு எழுதினேன். "பிடித்ததைத் திரும்ப விடுவதற்கா குளிரில் நாள் முழுவதும் இருக்கிறாய்? பிடிக்காமலே விடலாமே" என்று பதில் வந்தது. அக்கேள்விக்கு இன்றுவரை நல்ல விடையொன்று என்னிடம் இல்லை.

நண்பர் என்னைத் தமது தூண்டிற்காரர் கழகத்திற் சேர்த்துவிட்டார். கழகத்துக்கு ஆற்றில் ஒரு மைல் நீளக் கரையும், பரல் அகழ்ந்த பள்ளத்தில் நீர் நிரம்பி உண்டான ஏரியொன்றும் உரிமையாயிருந்தன. ஆற்றிலே பாபல் என்னும் வலிய மீனும், ஏரியிலே கார்ப் என்னும் பெருமீனும் இருந்தன. 2006 ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சாதனையாக ஏற்கப்பட்ட 21 இறாத்தல் 1 அவுன்ஸ் நிறையுள்ள பாபல் இதே ஆற்றில்தான் பிடிபட்டது. ஏரியிலிருந்த கார்ப் மீன்களைச் சிறு குஞ்சுகளாக நண்பரும் பிறரும் விட்டது 1980களில். அவற்றுட் பலவற்றுக்குப் பெயரும் உண்டு. ஒரே மீனை ஐந்தாறு ஆண்டுக்கொருமுறை பிடித்து, நிறை கூடியதைக் குறித்து, மீண்டும் விடுவர். ஊரில் ஒருவர் தம் மாட்டை அறிவதுபோல அவர்கள் அம்மீன்களை அறிவர்.

நீர்நாயைப் பற்றி அந்நாளில் எவரும் பேசவில்லை. பேசுவதற்கு நீர்நாய் அங்கே இல்லை. 1950களின் பிற்பகுதி தொடக்கம் அது இங்கிலாந்தின் ஆறுகளிலிருந்து விரைந்து மறைந்தது. விதைத் தானியத்துக்கும் ஆட்டு உரோமத்துக்கும் இடப்பட்ட டீல்டிறின், அல்டிறின் முதலிய நஞ்சுகள் மழைநீரோடு ஆற்றிற் கலந்து, சிறு மீனிலிருந்து விலாங்குக்கும், விலாங்கிலிருந்து நீர்நாய்க்கும் ஏறின. 1977 முதல் 1979 வரை ஆற்றங்கரைகளைத் தேடிப் பார்த்தவர்கள், சென்ற இடங்களில் நூற்றுக்கு ஆறிலும் குறைவான இடங்களிலேயே அதன் அடையாளத்தைக் கண்டனர். 1978 இல் சட்டம் அதற்குப் பாதுகாப்பளித்தது. 1983 தொடக்கம் 1999 வரை, கூண்டிலே வளர்க்கப்பட்ட நீர்நாய்கள் கிழக்கு இங்கிலாந்திலும் பிற இடங்களிலும் விடப்பட்டன. நஞ்சுகள் தடுக்கப்பட்டு நீரும் தெளிந்தது. 2011 ஆம் ஆண்டில், இறுதியாக எஞ்சியிருந்த கென்ற் மாவட்டத்திலும் நீர்நாய் காணப்பட்டதாக அறிவித்தார்கள்.

எனக்கு அது காட்சி தந்தது 2003 ஆம் ஆண்டு மாசி மாதத்து விடியற்காலையில். மூடுபனிக்குள் என் மிதப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் நீர் சற்றே மேடிட்டது. தட்டையான தலையொன்று எழுந்தது. மீசை வைத்த முகம் என்னை ஒரு கணம் நோக்கியது. மறுகணம் குமிழிகள் மாத்திரம் நீரோட்டத்தோடு சென்றன. தூண்டிலை விட்டுவிட்டு எழுந்து நின்றேன். "ஐயா, நான் கண்டுவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அதைக் கேட்பதற்கு அருகில் எவரும் இல்லை. பின்னர் நூல்களைப் புரட்டியபோது, இலங்கையின் நீர்நிலைகளில் வாழும் நீர்நாயும் இங்கிலாந்தின் நீர்நாயும் ஒரே இனம் என்று அறிந்து வியந்தேன்.

நண்பரிடம் ஓடிச் சென்று சொன்னேன். அவர் மகிழவில்லை. "இனி ஏரியைப் பார்" என்று மாத்திரம் சொன்னார்.

அவர் சொன்னது ஆறேழு ஆண்டில் நடந்தது. 2009 ஆம் ஆண்டு மார்கழியும் அடுத்த தையும் கடுங்குளிராயிருந்தன. குளிர்ந்த நீரில் கார்ப் மீன் மந்தமாகி அடியிற் கிடக்கும். வெப்பக் குருதியுடைய நீர்நாய்க்கு அப்போது அது எளிய இரை. ஒருநாட் காலையில் ஏரிக்கரைப் பனியில், நண்பர் தம் கையால் குஞ்சாக விட்ட மீனொன்று தொண்டைப்புறம் மாத்திரம் உண்ணப்பட்டுக் கிடந்தது. முப்பது இறாத்தலுக்கு மேற்பட்ட மீன். அக்குளிர்காலம் முடியுமுன் அவ்வாறு ஏழு மீன்களைக் கண்டோம். நண்பர் ஒவ்வொன்றையும் கரையிலே குழிதோண்டிப் புதைத்தார். இதைப் படித்துச் சிரிப்போர் இருக்கலாம். நான் அருகில் நின்றவன், சிரிக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு வளர்த்த ஒன்றை ஒரே இரவில் இழப்பவனது துயரம், இழந்தது மீன் என்பதனாற் சிறிதாகிவிடாது.

அந்தப் பங்குனியிற் கழகத்தின் கூட்டம் கூடியது. பொருளாளன் என்ற முறையில் நான் முன்வரிசையில் இருந்தேன். முதலில் நீர்க்காகத்தின் மீது வழக்கு நடந்தது. நீர்க்காகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரைக் கிலோகிராம் மீன் உண்ணும். முன்னர் அந்நாட்டிற் கடலோரப் பாறைகளிலே கூடு கட்டியது, 1981 இல் எசெக்ஸ் மாவட்டத்து அபர்ட்டன் நீர்த்தேக்கத்து மரங்களிற் கூடுகட்டத் தொடங்கி, உள்நாடெங்கும் பரவியது. மீன் விட்டு வளர்த்த ஏரிகளும் பரற் பள்ளங்களும் அதற்கு விருந்துச்சாலை ஆயின. சட்டம் பறவையைக் காத்தாலும், மீன்களுக்குப் பெருந்தீங்கு நேரும் இடங்களில் உரிமம் பெற்றுச் சுட அனுமதியுண்டு. 2004 இல் அரசாங்கம் அத்தொகையை இங்கிலாந்து முழுவதற்கும் ஆண்டுக்கு 2000 வரையும், வேண்டின் 3000 வரையும் உயர்த்தியது. அது போதாது என்பதே கூட்டத்தினரின் முறைப்பாடு. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "அவை எங்கள் பறவைகளே அல்ல, கடல் கடந்து வந்தவை. வந்த இடத்துக்கே திரும்பட்டும்" என்றது. பலர் கைதட்டினர்.

அவர் சொன்னதில் ஓரளவு உண்மையுண்டு. உள்நாட்டிற் கூடுகட்டும் நீர்க்காகங்களிற் பெரும்பாலானவை ஐரோப்பாக் கண்டத்துக் கிளையினம். அக்கிளையினம் ஆசியா வரை பரவி, எமது குளங்களுக்கும் வருவது. ஆனால், கைதட்டல் ஓய்ந்தபின் அரங்கிற் சிலர் என்னைப் பார்த்துவிட்டு விரைவாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேசியவர் என்னை எண்ணிப் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தவரும் அவரே. கார்ப் மீனும் நூற்றாண்டுகளுக்கு முன் அந்நாட்டுக்குக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டதுதான் என்று சொல்ல நா எழுந்தது, சொல்லவில்லை.

பின்னர் நீர்நாயின் வழக்கு. அதைக் கொல்வது குற்றம். ஆற்றில் ஒரு கடுவன் பன்னிரண்டு மைலுக்கும் மேலான நீளத்தைத் தன் எல்லையாக ஆளும். ஒன்றைக் கொன்றால் அவ்விடத்துக்கு மற்றொன்று வரும். எனவே ஏரியைச் சுற்றி, நிலத்துக்குள்ளும் புதைத்து, உயர்ந்த கம்பிவேலி இடுவதே வழி என்று குழுவினர் கூறினர். அப்போது இளைஞர் ஒருவர், உயிரியல் கற்பவர், எழுந்து நின்று கேட்டார்: "நீர்நாய் பல்லாயிரம் ஆண்டு இந்த ஆற்றில் வாழ்ந்தது. அப்போதும் மீன்கள் இருந்தனவே. அது விரும்பி உண்பது விலாங்கு. விலாங்குகள் எங்கே போயின?"

அரங்கு அமைதியாயிற்று. முதியவர்கள் அனைவரும் இளமையில் விலாங்கு பிடித்தவர்கள். வேண்டாத மீனென்று சலித்து எறிந்தவர்கள். இப்போது ஆண்டுகளாக எவரும் ஒன்றையும் கண்டதில்லை. விலாங்கு கடலிலே பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக வந்து, ஆற்றில் ஏறி வளரும் மீன். 1980களின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பாவின் கரைகளுக்கு வரும் குஞ்சுகளின் தொகை பத்தில் ஒரு பங்கினும் கீழாக வீழ்ந்துவிட்டது. காரணம் ஒன்றன்று: குஞ்சுகளை அளவின்றிப் பிடித்தமை, ஒட்டுண்ணிப் புழு, கடல் நீரோட்டத்தின் மாற்றம் என்று அறிஞர் பலவற்றைச் சொல்வர். ஏறி வந்தவற்றின் வழியை ஆறுதோறும் மறித்தவை சிற்றணைகளும் நீர்க்கதவுகளும்.

அன்பர்களே, அந்தச் சிற்றணைகளையும் நீர்க்கதவுகளையும் வரைந்தவன் நான். ஒன்றல்ல, என் கையொப்பம் இட்ட வரைபடங்கள் பல. வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டேன், வறட்சிக்குக் கணக்குப் போட்டேன், கதவின் பாரத்துக்கும் கணக்குப் போட்டேன். விரல் நீளமுள்ள மீன்குஞ்சொன்று அதனை எவ்வாறு ஏறும் என்று என்னை எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. விலாங்கு ஏற வழியமைக்க வேண்டுமென்ற சட்டவிதி 2009 இல் இயற்றப்பட்டபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். கூட்டத்தில் நான் வாய் திறவாதிருந்தேன். வேலிக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் நிறைவேறியது. பொருளாளன் என்ற முறையில் ஒப்பமிட்டேன்.

வேலி எழுமுன், அந்த ஆண்டு ஐப்பசியில், ஆற்றிலிருந்து ஏரிக்கு நீர்நாய் நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடத்தில் கம்பிக் கண்ணியொன்றைக் கண்டேன். பாறுகின்ற வில்லோ மரத்தின் வேரிலே கட்டப்பட்டிருந்தது. அந்த முடிச்சை நான் அறிவேன். தூண்டிலுக்கு முள் கட்ட எனக்குச் சொல்லித் தந்த கை அது. வெகுநேரம் அவ்விடத்திலேயே நின்றேன். அறிவித்தால் நண்பர் நீதிமன்றம் ஏறுவார். அறியாதவன்போல் நடந்தால், கல்லூரி வகுப்பிற் கேள்விப்பட்டு நாற்பதாண்டு காத்திருந்து கண்ட அந்த உயிர் இரவிலே கம்பியில் இறுகிச் சாகும். கண்ணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, நேரே அவர் வீட்டுக்குச் சென்றேன்.

மேசையின்மீது அதை வைத்தேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. "இதைப் பற்றிப் பேச வரவில்லை. என்னுடைய மதகுகளைப் பற்றிச் சொல்ல வந்தேன்" என்று தொடங்கி, விலாங்கின் கதை முழுவதையும், கூட்டத்திற் சொல்லத் துணியாதவற்றையும் சொல்லி முடித்தேன். நீர்நாய் பசித்து ஏரிக்கு வந்ததற்கு என் கையும் ஒரு காரணம் என்றேன். அவர் தேநீர் ஆறும்வரை மௌனமாயிருந்தார். பின்னர், "அப்படியானால் இந்தக் கண்ணியை நான் உன் வாசலிலல்லவா வைத்திருக்க வேண்டும்!" என்றார். இருவரும் சிரித்தோம். கண்ணியை எடுத்து அடுப்புக்கரி வாளிக்குள் எறிந்தார். அதைப் பற்றி அதன்பின் நாம் பேசியதே இல்லை.

2011 இல் வேலி எழுந்தது. ஏரியிலே மரக்கிளைகளைக் கட்டி அமிழ்த்தி, நீர்க்காகம் புகமுடியாத ஒதுக்கிடங்களைச் சிறுமீன்களுக்கு அமைத்தோம். எஞ்சிய கார்ப் மீன்கள் தப்பின. ஆற்றுக்கு வேலியிட முடியாது, இடவும் கூடாது. அங்கே பாபல் குறைந்ததற்கு நீர்நாயை மாத்திரம் குற்றஞ்சாட்டினோர், இளம் பாபல்கள் ஏன் அரிதாயின என்று பார்க்கவில்லை. அம்மீன் பரல்களுக்கிடையே முட்டையிடுவது. வயல்களிலிருந்து அடித்து வரும் வண்டல் அப்பரல்களை மூடி முட்டைகளை மூச்சடைக்கச் செய்கிறது. 1970களில் உணவுக்கென அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தப்பியோடிய நன்னீர் இறாலினமும் முட்டைகளைத் தின்கிறது. அந்த இறாலை நீர்நாய் உண்கிறது என்பதை அறிந்தபோது, நண்பர் முதன்முறையாக அதனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னார். அதன்பின் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், முட்டையிடும் காலத்துக்கு முன், கழகத்தினர் அனுமதி பெற்று ஆற்றில் இறங்கி, முழங்கால் நீரில் நின்று, இரும்பு வாரிகளாற் பரலைக் கிளறி வண்டலை அகற்றினர். கூட்டத்திற் கைதட்டிய பலரும் அங்கே நின்றனர். அவர்களுள் நானும் ஒருவன்.

நண்பர் 2017 இல் காலமானார். அடுத்த ஆண்டு நான் ஊருக்கு வந்து, இரணைமடுக் கட்டில் மாலை நேரத்தில் நின்றேன். நடுவே போர் நடந்து முடிந்து, அம்மானும் இல்லை, அவரது வீடும் இல்லை. நீர்க்காகங்கள் பட்ட மரங்களிற் சிறகை விரித்திருந்தன. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம், "இவை உங்கள் மீனை உண்பதில்லையா?" என்று கேட்டேன். "உண்ணுந்தான், ஐயா. ஆனால் குளம் வத்தினால் அதுவும் இல்லை, நாங்களும் இல்லை" என்றார்.

ஓர் இழப்பு நேரும்போது, அண்மையில் நிற்கும் பல்லும் அலகும் எளிதிற் கண்ணிற் படுகின்றன. நீரை மறித்தவனும் நிலத்தைக் கரையவிட்டவனும் தொலைவில், மேசைக்குப் பின்னால், நல்ல மனிதராகவே வீற்றிருக்கின்றனர். எமது கல்லூரியிலிருந்து எந்திரவியலாளராகவும் நிருவாகிகளாகவும் செல்லப்போகும் தம்பிமார்க்கு ஒன்று சொல்வேன். வரைபடத்தில் ஒப்பமிடுமுன், அந்த நீரை நம்பி வேறு யார் வருகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எனக்கு அதைக் கேட்கச் சொல்லித் தர அம்மான் இருந்தார், ஆசிரியர் இருந்தார். ஆயினும் நான் காலம் தாழ்த்தியே கேட்டேன்.